இரண்டாவது ஜோடிக் கட்டைகள்

ஜூன் 2, திங்கள்

சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி டூல் ரூம் மில்லிங் மெஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஃபோர்மேன் முறைத்தார். "என்னம்மா, வீட்டு வேலையா?" "வீட்டுக்காரர் வேலை சார்" என்றேன். சிரித்துவிட்டார். கழிவுத் தொட்டியில் கிடந்த அலுமினியத் துண்டுதான், அதற்கும் அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். பின்னால் எவனும் வாய் திறக்கக்கூடாது.

வீட்டுக்காரரின் பைக்கில் ஹேண்டில்பாருக்கு அடியில் வைக்க இரண்டு கட்டைகள். நாற்பது மில்லிமீட்டர் உயரம். குனிந்து ஓட்டி ஓட்டி அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது. கைப்பிடி கொஞ்சம் மேலே வந்தால் நிமிர்ந்து உட்காரலாம். ஓட்டை போட்டு, பிசிறு தட்டி, ஓரங்களை உருட்டி முடித்தபோது இரண்டு கட்டைக்கும் நடுவே ஒரு முடி அளவு வித்தியாசம் இல்லை. வெர்னியர் அளவுகோலை மூன்று முறை வைத்துப் பார்த்தேன். கொடுக்கவே மனசு வரவில்லை எனக்கு.

இதோடு அந்த வண்டியில் பாதி என் கை பட்டதுதான். பக்கப் பெட்டிகளைத் தாங்கும் சட்டம், முன்கண்ணாடியை ஏற்றி இறக்கும் பிடி, செயினுக்குத் தானாக எண்ணெய் சொட்டும் குப்பி. பின்சீட்டுக்கு ஒரு சாய்மானமும் உண்டு. பழைய ஆபீஸ் நாற்காலியின் முதுகை வெட்டி, என் முதுகை மகளை விட்டு அளக்கச் சொல்லிச் செய்தது. அடுத்த மாதம் அவருடைய வண்டிக் குழுவோடு இருபத்திரண்டு நாள் பயணம். இருபத்திரண்டு நாள் நான் உட்கார வேண்டாமா?

ஜூன் 5, வியாழன்

கட்டைகளை மாட்டியாயிற்று. அவர் டார்ச் பிடித்தார். அதையும் நேராகப் பிடிக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அவருடைய வண்டிக் குழுவுக்கு ஒரு வீடியோ போட்டிருக்கிறார். "இதெல்லாமே நானே நம்ம வீட்டு ஷெட்ல பண்ணதுங்க" — அப்படியே அளந்து விட்டிருக்கிறார். சட்டத்தைக் காட்டும் இடத்தில் ஓரமாக ஒரு கை வருகிறது, உடனே வெட்டிவிட்டார். அது என் கை.

மகள் விடுவாளா? "அப்பா, ட்ரில் பிட் எது, மரை வெட்டுற டாப் எதுன்னு சொல்லுங்க பாப்போம்." அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நான்தான் அவளை அதட்டினேன். எதற்கு அதட்டினேன் என்று தெரியவில்லை.

தனியாகக் கேட்டேன். "உன்னைச் சொன்னா யாரும்மா நம்புவாங்க? வீட்டுக்குள்ள நீ பண்ணா என்ன, நான் பண்ணா என்ன?" என்றார். அவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் போடும் கையெழுத்தை நான் போட்டால் என்ன என்று கேட்டிருக்கலாம். இப்போதுதான் தோன்றுகிறது. எனக்கு எல்லாமே இப்படித்தான், கூட்டம் கலைந்த பிறகு வாய் வரும்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று எனக்கு லீவு. ஷெட்டைப் பெருக்கலாம் என்று வண்டியை ஸ்டார்ட் செய்து வெளியே உருட்டினேன். இடமில்லாததால் ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினேன். இன்ஜின் உறுமியது. என் கை ஆக்ஸிலேட்டரில் இல்லவே இல்லை.

நேராக்கினேன், அடங்கியது. மறுபடி இடது, மறுபடி உறுமல். ஐந்தாறு தடவை செய்து பார்த்தேன். முதுகில் வேர்த்துவிட்டது.

காரணம் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஹேண்டிலை நாற்பது மில்லி தூக்கிவிட்டேன். ஆக்ஸிலேட்டர் கேபிள் பழைய நீளம்தான். நேராக இருக்கும்போது எப்படியோ சமாளிக்கிறது. இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் பத்தாமல் இழுபடுகிறது, யாரோ முறுக்கியது போல வண்டி பாய்கிறது. நூலை வைத்து அளந்தேன். பன்னிரண்டு மில்லி குறைகிறது.

என் தப்பு. கட்டையை முடி அளவுக்கு அளந்தவள், கட்டை வைத்தால் வேறு என்னவெல்லாம் நகரும் என்று பார்க்கவில்லை. டூல் ரூமில் நமக்கு வருவது ஒரு துண்டு, அதன் வரைபடம், அவ்வளவுதான். அது எந்த மெஷினில் போய் உட்காருகிறது என்று யார் கேட்டோம்? பதினாறு வருஷத்துப் புத்தி.

சாயங்காலம் வந்ததும் சொல்ல வேண்டும்.

ஜூன் 11, புதன்

சொல்லவில்லை.

நேற்று வந்ததும் வராததுமாக, "குடும்பத்தோட வேண்டாம்னு குழுவுல முடிவு பண்ணிட்டாங்கம்மா" என்றார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை, ஷெட்டுக்குப் போய்ச் சாய்மானத்தை அசைத்துப் பார்க்கிறார். அந்த இடத்தில் இன்னொரு பை கட்டலாமாம். "இதுக்கு என்ன ஸ்பானர்?" என்று கேட்டார்.

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 12, வியாழன்

சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

இன்னும் சொல்லவில்லை. தானே செய்ததாகத்தானே ஊரெல்லாம் சொல்கிறார், தானே கண்டுபிடிக்கட்டும்.

— மேலே எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்தேன். அடிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நெட்டை அண்ணன் வந்திருந்தார். இவருடைய குழுவில் எனக்குப் பிடித்த ஒரே ஆள். ஆறேகால் அடி உயரம், எங்கள் வாசல்படியில் நெற்றி இடிக்காமல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினார். "அடடா, ஹேண்டில் நம்மளத் தேடி வருதுடா! என் வண்டில நான் கொக்கு மாதிரி குனிஞ்சிட்டுப் போறேன். என்னமா பண்ணியிருக்கான் பாரு!" என்று என்னவரின் முதுகில் தட்டினார். இவர் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போகும்போது என்னைப் பார்த்து, "தங்கச்சி, நீயும் வர்றதானே? டீச்சருக்குத்தான் பரீட்சைப் பேப்பர் கெடக்கு, இல்லன்னா அவளும் வந்திருப்பா" என்றார். டீச்சர் என்பது அவர் மனைவி.

நான் இவரைப் பார்த்தேன். இவர் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் குழு எதுவும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்தது இவர். ஏன்? போகிற இடத்தில் நான் வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும் என்றா? எனக்குத் தெரிந்து வேறு காரணம் இல்லை.

கேபிளைப் பற்றித் தொண்டை வரை வந்தது. நெட்டை அண்ணன் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். விழுங்கிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

"அதே மாதிரி இன்னொரு ஜோடி வேணும்மா. ஸ்பேருக்கு."

"கட்டை என்ன தேஞ்சா போகும்? ஸ்பேர் எதுக்கு?"

"இருக்கட்டும்னுதான். இத விட பதினஞ்சு மில்லி ஒசரமா பண்ணு."

"ஸ்பேர் எதுக்கு ஒசரமா?"

"கேள்வி கேக்காம ஒரு வேல செய்யவே மாட்டியா நீ?"

கேள்வி கேட்காமல்தான் செய்யப் போகிறேன்.

ஜூன் 20, வெள்ளி

செய்துவிட்டேன். ஐம்பத்தைந்து மில்லி. முதல் ஜோடியைவிட நன்றாக வந்திருக்கிறது. நாற்பதுக்கே பன்னிரண்டு குறைந்தது, ஐம்பத்தைந்துக்கு எவ்வளவு குறையும் என்று மெஷின் ஓடும்போதே மனசு கணக்குப் போட்டது. யார் வண்டிக்கு என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

ஜூன் 24, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கட்டை மாட்டிய பிறகு முதல் தடவையாக, காலையில் மகளை வகுப்பில் விட அவர் வண்டியை எடுத்தார். எங்கள் சந்திலிருந்து இடது பக்கம் ஒடித்துத் திரும்பினால்தான் ரோடு. நான் வாசலில் நிற்கிறேன். திருப்பினார். வண்டி கத்திக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்க்கப் பாய்ந்தது. சுவருக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். மகள் "அம்மா"ன்னு கத்தினா. அப்பான்னு இல்ல, அம்மான்னு.

ஓடினேன். செருப்புகூடப் போடலை. அவளை இறக்கினேன். அங்கேயே, நடுச்சந்துலயே சொல்லிட்டேன் — கேபிள் பத்தல, ஹேண்டில தூக்கினோம்ல, கேபிள் இழுக்குது, இதுல ஏறாதீங்க, ஏறாதீங்கன்னு.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "உனக்கு எப்ப தெரியும்?"

"இப்பத்தான். சத்தத்த வச்சிக் கண்டுபிடிச்சேன்."

பதினான்கு நாள். பதினான்கு நாள் தெரிந்து வைத்துக்கொண்டு என் மகளை அதில் ஏற்றி அனுப்பினேன். கோபம் அவர் மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானெல்லாம் ஒரு தாயா?

ஜூன் 25, புதன்

மெக்கானிக்கிடம் விட்டு நீளக் கேபிள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நானே ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இன்ஜின் அசையவில்லை. பிரேக் ஹோஸையும் பார்த்தேன், தாராளமாக இருக்கிறது.

"இத வெளிய மூச்சு விடாத. வீடியோவ எத்தன பேரு பாத்திருக்காங்க தெரியுமா? மானம் போயிடும்" என்றார். சரி என்றேன்.

இரண்டாவது ஜோடி ஷெட் அலமாரியில் இல்லை. பெட்டியில் எடுத்து வைத்திருப்பார்.

ஜூலை 6, ஞாயிறு

கிளம்பிவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு பெட்ரோல் பங்க் வாசலில் ஐந்து வண்டிகள். வழியனுப்ப நான், மகள், டீச்சர், இன்னும் இரண்டு குடும்பங்கள்.

நெட்டை அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், ராஜா மாதிரி. ஹேண்டில்பாருக்கு அடியில் என் கட்டைகள். ஐம்பத்தைந்து மில்லி. கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், அடித்தால் எனக்குத் தெரியாதா? ஆக்ஸிலேட்டர் கேபிளைப் பார்த்தேன். ஹேண்டில் நேராக இருக்கும்போதே விறைத்துக்கொண்டு நின்றது.

"அண்ணா, அந்தக் கேபிள —" என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் நான் பாத்துட்டேன்" என்று இவர் குறுக்கே விழுந்தார். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி ஒரு பார்வை. மகள் பக்கத்தில். டீச்சர் பக்கத்தில். ஹாரன் அடிக்கிறார்கள்.

"தங்கச்சி, கவலப்படாத. உன் வீட்டுக்காரர முழுசாத் திருப்பிக் கொண்டாந்து ஒப்படைக்கிறேன்" என்றார் நெட்டை அண்ணன். "வண்டிக்குத்தான் கொஞ்சம் ஆர்வம் ஜாஸ்தி, பார்க்கிங்ல திருப்பினா குதிக்குது. நம்மள மாதிரியே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

ஃபோனில் கேட்டேன். "கேபிள மாத்தினாரா இல்லையா?"

"அவன் வண்டி வேற மாடல். அதுல ஒண்ணும் ஆகாது."

"பார்க்கிங்ல குதிக்குதுன்னு அவரே சொன்னாரே. காது கேக்கலையா உங்களுக்கு?"

"சரி சரி, மாத்தச் சொல்றேன். ஓட்டற நேரத்துல நொச்சு நொச்சுன்னு பேசாத."

நெடுஞ்சாலையில் யாரும் ஹேண்டிலை முழுக்கத் திருப்ப மாட்டார்கள். நேர் ரோடு, ஒன்றும் ஆகாது. பயணத் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். மலை ஏறுவது ஏழாம் நாள். பன்னிரண்டாம் தேதி. அதற்குள் மாற்றிவிடுவார்கள். வழியில் எத்தனை மெக்கானிக் கடை!

ஜூலை 9, புதன்

"மாத்திட்டாரா?" என்று செய்தி அனுப்பினேன். கட்டை விரலை உயர்த்தி ஒரு படம் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்ள?

ஜூலை 10, வியாழன்

குழுவில் போட்ட புகைப்படத்தை மகளின் ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்தேன். நெட்டை அண்ணன் வண்டிமேல் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கேபிள் தெரிகிறது. புதுசு மாதிரியும் இருக்கிறது, பழசு மாதிரியும் இருக்கிறது. வெயிலில் பளபளக்கிறது, அதனால் புதுசாகத்தான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

வேலையில் ஒரு துண்டைக் கெடுத்துவிட்டேன். ஃபோர்மேன், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வேறு யாராவது கெடுத்திருந்தால் கிழித்திருப்பார்.

ஜூலை 11, வெள்ளி

டீச்சர் அக்கா ஃபோன் செய்தார். "உன் வீட்டுக்காரருக்குக் கோடிப் புண்ணியம்மா. இவருக்கு இந்தத் தடவ முதுகு வலியே இல்லையாம். தெனமும் மாத்திரை போடுவாரு, அது பெட்டியிலேயே கெடக்காம். நாளைக்கு மலை ஏறுறாங்கல்ல, அங்க போயி வீடியோ கால் பண்றேன்னாரு."

நான் சொல்லியிருக்க வேண்டும். கேபிள் மாத்தினாரான்னு கேளுங்கக்கா — மூணு வார்த்தை. அக்கா உடனே அவரிடம் கேட்டிருப்பார். அவர், "எந்தக் கேபிள்?" என்று கேட்டிருப்பார். அதோடு எல்லாம் வெளியே வந்திருக்கும். என் வீட்டுக்காரர் ஊரை ஏமாற்றியது, நான் தெரிந்தே பதினான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம்.

"ரொம்ப சந்தோஷம்க்கா" என்றேன்.

ஜூலை 12, சனி

காலை ஐந்தரைக்கே எழுந்துவிட்டேன். மானம் போனால் போகட்டும். இவருக்கு அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. நெட்டை அண்ணனுக்கு அடித்தேன், அதுவும். "அண்ணா, ஹேண்டில இடது பக்கம் முழுசாத் திருப்பாதீங்க, வண்டிய அங்கயே நிறுத்துங்க, நான் சொல்றேன்" என்று செய்தி போட்டேன். ஒரே ஒரு டிக், போய்ச் சேரவில்லை.

ஏழு மணி. ஒரு டிக்.

எட்டரை. ஒரு டிக். லேத்துக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்துக்கொண்டு வேலை செய்தேன். ஃபோர்மேன் பார்த்தும் பார்க்காதது போலப் போனார்.

பத்து மணி. இவரிடமிருந்து அழைப்பு. "அவன் வண்டி திரும்பவே இல்லம்மா. இடது வளைவு. ஹேண்டில் முழுசாத் திரும்பித்தான் இருந்துச்சு, வண்டி கத்திக்கிட்டு நேராப் போயிடுச்சு. கீழ."

ஜூலை 13, ஞாயிறு

டீச்சர் அக்காவும் நானும் பஸ்ஸில். நெட்டை அண்ணனுக்கு உயிர் இருக்கிறது, மலையடிவார ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரப் பயணம். அக்கா என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. "நீ கூட இருக்கறதாலதான் நான் ஒக்காந்திருக்கேன்" என்கிறார். எழுதுவதற்காகக் கையை உருவியதும் விழித்துக்கொண்டுவிட்டார். நிறுத்துகிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

நெட்டை அண்ணன் காலையில் போய்விட்டார்.

ஜூலை 17, வியாழன்

போலீஸ் ஸ்டேஷனில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். இவர், நான், டீச்சர் அக்கா, அக்காவின் தம்பி. மேஜைமேல் என் கட்டைகள் இரண்டும் ஒரு துணியில் இருந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. வண்டியைச் சோதித்த அதிகாரி நிதானமான ஆள். ஹேண்டிலை உயர்த்தியிருக்கிறார்கள், கேபிளை மாற்றவில்லை, முழுக்கத் திருப்பினால் வண்டி தானாகவே பாயும் என்று அக்காவுக்குப் புரிகிற மாதிரி ஒரு பேனாவையும் நூலையும் வைத்து விளக்கினார்.

"இது கம்பெனிப் பொருள் இல்ல. யார் பண்ணது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்து நின்றார்.

"என் ஒய்ஃப் சார். எனக்கு இந்த மெஷின் வேல ஒண்ணுமே தெரியாது சார், ஒரு ஓட்டகூடப் போடத் தெரியாது. இவ டூல் ரூம்ல பதினாறு வருஷமா இருக்கா. வண்டில இருக்கற அத்தனையும் இவ பண்ணதுதான். வீடியோல நான் பொய் சொன்னேன் சார்."

ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். வருஷம்கூடச் சரி. இதை நாலு பேர் முன்னால் சொல்ல மாட்டாரா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்.

"ஆமா சார், நான்தான்" என்றேன்.

டீச்சர் அக்கா இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார். அழவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையைக் கேட்பது போல மெதுவாகத்தான் கேட்டார்.

"கேபிள் பத்தலன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்க்கா."

"எப்பலேருந்து?"

"ஜூன் பத்தாம் தேதியிலேருந்து."

இவர் சட்டென்று என்னைப் பார்த்தார். அதிகாரி தேதியை இன்னொரு முறை கேட்டு எழுதிக்கொண்டார்.